வீடு, கேக்குதா?

பெற்றோர் அவளுக்கு நல்ல பெயராகத்தான் வைத்திருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அது காணாமல் போனது. அவள் வேலை பார்த்த அறையில் எல்லாரும் அவளைப் "பிடுங்கி" என்றே கூப்பிட்டார்கள். புதிதாகக் கேட்கிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அவள் சுளித்ததில்லை. ஓடிக்கொண்டிருக்கிற இயந்திரத்தின் கேபிளைப் பிடுங்கிவிட்டு, அடுத்து என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் அவளுடைய உத்தியோகம். "ஊர்ல எல்லாரும் சும்மா புடுங்குறாங்க, நான் சம்பளம் வாங்கிட்டுப் புடுங்குறேன்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது ஓய்வு பெற்றாயிற்று. சாயங்காலமானால் முன்னறை ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மடியில் போனை வைத்துக்கொண்டு உட்காருவாள். அந்த நேரத்தில் கணவர் நடக்கப் போயிருப்பார். வாழ்நாளெல்லாம் வண்டி ஓட்டிய மனிதர் அவர். வண்டி போனாலும் கால் நிற்கவில்லை. காலும் கண்ணும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தன. ஞாபகம்தான் காலை வாரிவிட்டது. இளவயதில் ஓட்டிய வேனில் எந்த கியர் முரண்டு பிடிக்கும் என்று கேட்டால் டக்கென்று சொல்வார். மருந்துக்கடைக்குப் பக்கத்தில் எந்தத் தெரு வீட்டுக்குப் போகிறது என்பது மட்டும் சில நாள் மறந்துபோகும்.

அப்போது போன் அடிக்கும்.

"வீடு, வீடு, கேக்குதா?"

"கேக்குது, கத்தாதீங்க. எங்க போய்த் தொலைஞ்சீங்க?"

"தெரியல. முன்னால மருந்துக்கடை இருக்கு."

"கண்ணு நல்லாத்தானே இருக்கு? கடைக்கு இந்தப் பக்கம் சந்து தெரியுதா? அதுல திரும்புங்க. அய்யோ, வலது பக்கம் இல்ல, இடது பக்கம்!"

அவள் வாயிலிருந்து வசவு வரும், அவர் வீட்டுக்கு வருவார். வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே, ஒன்றுமே நடக்காதது போல, "டீ இருக்கா?" என்பார். இப்படியே சில வருஷங்களாக ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரிந்த எண் ஒன்றே ஒன்றுதான். அது அவளுடைய எண்.

கட்டிய மனைவியை யாராவது "வீடு" என்று கூப்பிடுவார்களா? அக்கம்பக்கத்தில் எல்லாரும் "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்று மனைவியைத்தான் சொல்கிறார்கள் என்றாலும், நேருக்கு நேர் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. இவர் கூப்பிட்டார், அதுவும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே. அதற்குக் காரணம் அந்த அறை.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கட்டடத்தின் பின்பக்கம், படியேறியதும் கடைசிக் கதவு. உள்ளே இயந்திரங்கள் சூடாகிவிடக் கூடாது என்று குளிரூட்டி ஓயாமல் ஓடும். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது அவள் உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உள்ளே டீ கொண்டுபோகக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருந்ததால், வாசலுக்கு வெளியே தீயணைப்பான் பெட்டியின் தலைமேல் மூன்று டீ கிளாஸ்கள் எப்போதும் வரிசையாக நிற்கும். புதுக் கேபிளின் பிளாஸ்டிக் வாசனையும், இரும்பு அலமாரியில் மினுக் மினுக்கென்று எரியும் பச்சை விளக்குகளும், மூலையில் ஒரு கால் ஆடும் மேசையும்தான் அந்த அறை. இன்றைக்கு அந்தக் கட்டடத்தில் மெத்தை விற்கிறார்கள். ஒரு தடவை உள்ளே போய், அந்த அறை இருந்த இடத்தில் போட்டிருந்த மெத்தையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, எதுவும் வாங்காமல் திரும்பி வந்தாள். அந்தக் குளிருக்கு அவள் மனசு இன்னும் ஏங்குகிறது. அதை அவள் மறைப்பதும் இல்லை.

மூன்று டீ கிளாஸில் ஒன்று அவளுடையது. இன்னொன்று மேலாளருடையது. அவர் பெயர் "வாக்கு". வெளியாட்களிடம் எதையாவது ஒப்புக்கொண்டுவிட்டு வந்து "வாக்கு குடுத்துட்டேன்பா, என் மானத்தைக் காப்பாத்துங்க" என்று நிற்பார். மூன்றாவது கிளாஸ் நிரல் எழுதுகிற "மௌனி"யுடையது. இவர்களுக்கு வெளியே, தெருவில் சோதனை வேனை ஓட்டிக்கொண்டு திரிந்தவர்தான் டிரைவர், பிற்காலத்தில் அவளுடைய கணவர்.

வேலை இதுதான். ஆம்புலன்ஸ் ஓடிக்கொண்டே ஆஸ்பத்திரியோடு பேச வேண்டும், நோயாளியின் நாடித்துடிப்பை அனுப்ப வேண்டும். ஓடுகிற வண்டி ஒரு டவரை விட்டு அடுத்த டவருக்குப் போகும்போதெல்லாம் இணையத்தில் அதன் முகவரி மாறிவிடும். ஆஸ்பத்திரி பழைய முகவரிக்குப் பேசிக்கொண்டிருந்தால் காற்றோடுதான் பேச வேண்டியிருக்கும். அதனால் ஒவ்வொரு வண்டிக்கும் நகராத முகவரி ஒன்றைக் கொடுத்து, அதைக் காவல் காக்க இந்த அறையில் ஒரு இயந்திரத்தை வைத்தார்கள். அதன் பெயர் வீடு. வண்டி எங்கே போனாலும் "வீடு, நான் இப்ப இங்க இருக்கேன்" என்று சொல்லிவிடும். யார் வண்டியைத் தேடினாலும் வீட்டைக் கேட்டால் போதும், வீடு கொண்டுபோய்ச் சேர்க்கும்.

எல்லாம் சரி, வீடே விழுந்துவிட்டால்? வண்டி நன்றாக ஓடும், டவர் நன்றாக இருக்கும், ஆனாலும் வண்டி தொலைந்துபோகும். அதற்காக இரண்டாவதாக ஒரு இயந்திரத்தை வாங்கிவைத்தார்கள். வாக்கு அதற்கு "மாற்று" என்று சீட்டு ஒட்டினார். மௌனி அந்தச் சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முதல் வீடு இருக்கும்போது ரெண்டாவதா ஒண்ணு வெச்சா அதுக்குப் பேரு சின்ன வீடு" என்றான். அன்று முழுவதும் அவன் பேசியது அவ்வளவுதான். பெயர் ஒட்டிக்கொண்டது. வாக்கு ஒருநாள் மறதியாக மனைவிக்குப் போன் போட்டு, "இன்னைக்குச் சின்ன வீட்டுல வேலை இருக்கு, வர நேரமாகும்" என்று சொல்லித் தொலைத்தார். அதற்குப் பிறகு சில நாள் அவருக்கு வீட்டில் சாப்பாடு கிடைக்கவில்லை. பிடுங்கியின் சாப்பாட்டு டப்பாவில்தான் கைவைத்துக்கொண்டிருந்தார்.

சோதனை நடந்தது. வாக்கு பெரிய வீட்டை அணைப்பதற்கான பொத்தானை அழுத்துவார். பெரிய வீடு நல்ல குடும்பத்துப் பிள்ளை மாதிரி, எந்த வண்டி எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் சின்ன வீட்டிடம் ஒப்படைக்கும். வண்டிகளுக்கும் "இனிமே அங்க பேசுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடும். ஒரு வண்டிகூடத் தொலையாது. பலமுறை செய்து பார்த்தார்கள், ஒவ்வொரு முறையும் வெற்றி. வாக்கு பூரித்துப்போய் ஆஸ்பத்திரிக்காரர்களை வந்து பார்க்கச் சொல்லி வாக்குக் கொடுத்துவிட்டார்.

பிடுங்கி மட்டும் பூரிக்கவில்லை. "சார், சொல்லிட்டுச் சாகுறது சாவா? நிஜத்துல எது சொல்லிக்கிட்டு நின்னுபோகுது?" என்றாள். "நல்ல நாளும் அதுவுமா ஏம்மா சாவுன்னு பேசுற?" என்றார் வாக்கு.

ஆஸ்பத்திரிக்காரர்கள் வருவதற்கு முந்தின நாள் மதியம், டிரைவர் பாலத்துப் பக்கம் ஓட்டிக்கொண்டே வண்டியின் ஒலிவாங்கியில் அவளோடு பேசிக்கொண்டிருந்தார். அவள் எழுந்துபோய்ப் பெரிய வீட்டின் கேபிளைக் கையாலேயே பிடுங்கினாள். பேச்சு பாதியில் அறுந்தது. சின்ன வீடு பச்சை விளக்கோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது, ஆனால் அதை யாரும் கேட்கவில்லை. பெரிய வீடு சொல்லிவிட்டுப் போகாததால் வண்டி செத்துப்போன வீட்டையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வாக்கு தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் தவறிய முதல் வாக்கு அதுதான்.

சாயங்காலம் டிரைவர் வந்து சேர்ந்தார். தொண்டை கட்டியிருந்தது. தன் வண்டியில்தான் கோளாறு என்று நினைத்துப் பாலத்தடியில் நிறுத்தி, "வீடு, வீடு, கேக்குதா?" என்று கத்தியிருக்கிறார். "பதில் வராதுன்னு தெரிஞ்சும் ஏன் கத்துனீங்க?" என்று கேட்டாள். "நீங்க அங்க இருக்கீங்கன்னு தெரியும்ல" என்றார். அன்றைக்கு அவளுக்குத் தூக்கம் வரவில்லை, கேபிளை நினைத்து மட்டும் அல்ல.

மறுநாளே அவள் ஒரு விதி போட்டாள். சோதனை நடக்கும்போது எது நடந்தாலும் டிரைவர் நடுவில் வண்டியை நிறுத்தக் கூடாது, கேள்வியும் கேட்கக் கூடாது. ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். திரும்பி வந்த பிறகு அவள் "தெரிஞ்சுதா?" என்று கேட்பாள். வீடு மாறியது தெரிந்தால் "தெரிஞ்சுது", இல்லாவிட்டால் "தெரியல". "தெரியல" என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் அவர்கள் எல்லாரும் உழைத்தார்கள்.

மௌனி எல்லாவற்றையும் மாற்றி எழுதினான். பெரிய வீடு சாகும்போது ஒப்படைப்பது என்ற பேச்சே வேண்டாம், உயிரோடு இருக்கும்போதே தெரிந்ததையெல்லாம் சின்ன வீட்டிடம் அப்போதைக்கப்போது சொல்லிவைத்துவிட வேண்டும். சின்ன வீடு பெரிய வீட்டின் மூச்சைக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கும். மூச்சு நின்றால், பெரிய வீட்டின் அதே முகவரியில் எழுந்து நின்று பதில் சொல்லும். வண்டி புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம், எப்போதும் கூப்பிடுகிற எண்ணையே கூப்பிட்டால் போதும்.

சோதனைக்கு வண்டி ஓட்டிய மற்ற டிரைவர்கள் எல்லாரும் "தெரியல" என்றார்கள். இவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் "தெரிஞ்சுது" என்றார். மௌனி அந்த இடைவெளியைத் தேடித் தேடி இளைத்தே போனான். கடைசியில் அவள் பொறுமை இழந்து, "எப்படித்தான் தெரியுது உங்களுக்கு?" என்று சண்டைக்குப் போனாள்.

"எப்பவும் என்னைத் திட்டிக்கிட்டேதானே பேசுறீங்க. புடுங்கப் போறதுக்கு முன்னால மட்டும், 'சொல்லுங்க, நல்லாக் கேக்குது, மெதுவாப் போங்க'ன்னு மரியாதை வந்துடுது. மரியாதை வந்தா கேபிள் போச்சுன்னு அர்த்தம்."

மௌனி அன்றைக்குச் சத்தம் போட்டுச் சிரித்தான். அவள் முகம் சிவந்து நின்றாள். டிரைவர் தனக்குக் கொடுத்த டீ கிளாஸைத் தீயணைப்பான் பெட்டிமேல் வைத்துவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில், "கடைசி வரைக்கும் மரியாதையில்லாமப் பேசுவீங்களா?" என்று கேட்டார். பெண் கேட்பதற்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்படிக் கட்டிக்கொண்ட மனிதர்தான் இப்போது மருந்துக்கடை முன்னால் நின்று வீட்டைக் கூப்பிடுகிறார்.

அவளுக்குப் பித்தப்பையில் கல் இருந்தது. அடுத்த மாதம் ஆபரேஷன் என்று நாள் குறித்தார் டாக்டர். கல்லைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை, படுத்திருக்கும்போது அவர் கூப்பிட்டால் யார் எடுப்பது என்பதுதான் கவலை. பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் தங்கை வந்து, "எதுக்குக்கா வம்பு? நீ திரும்பி வர்ற வரைக்கும் கேட்டைப் பூட்டி வெச்சிடலாம், மாமா டிவி பார்க்கட்டும்" என்றாள்.

பிடுங்கிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வீடு விழுந்துச்சுன்னா வண்டியை எதுக்குடி கட்டிப்போடணும்? அவர் என்ன தப்புப் பண்ணினார்? ஓடுற மனுஷன்டி. பூட்டிவெச்சா ஒரே வாரத்துல உக்காந்துடுவார்."

சரி, ஒத்திகை பார்க்கலாம் என்றாள் தங்கை. தன் எண்ணைப் பெரிதாக எழுதி அவர் போனின் முதுகில் ஒட்டினாள். "இன்னைக்கு அக்கா எடுக்க மாட்டா மாமா, எனக்குப் போடுங்க." அவர் நடந்துபோனார், மருந்துக்கடையில் நின்று தங்கைக்குப் போட்டார், அவள் வழி சொன்னாள், வந்து சேர்ந்தார். தங்கை கைதட்டினாள். இரண்டு மூன்று நாள் இப்படியே செய்தார்கள். எல்லாம் வெற்றி. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் கைதட்டவில்லை. வாக்கு அழுத்திய பொத்தான் கண்முன்னால் தெரிந்தது.

அடுத்த நாள் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவர் தெருமுனை திரும்பியதும் பின்னாலேயே போனாள். மருந்துக்கடைக்கு எதிர்ப்பக்கம் பழக்கடை மறைவில் நின்று, தன் போனை அணைத்தாள். அவர் திரும்ப வேண்டிய சந்தைத் தாண்டிப் போனார், திரும்பினார், நின்றார். போனைக் காதில் வைத்தார். எடுத்துப் பார்த்தார், மறுபடி வைத்தார். போனின் முதுகில் தங்கை எண் கொட்டை எழுத்தில் இருந்தது, ஆனால் அவர் அதைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. உதடு அசைவது இங்கிருந்தே தெரிந்தது. என்ன சொல்கிறார் என்று அவளுக்குக் கேட்காமலே தெரியும். பாலத்தடியில் நின்ற வண்டிதான் இது. இந்தத் தடவை அவள் நேரில் பார்த்தாள், பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. போனை உயிர்ப்பித்தாள். உடனே அடித்தது.

"வீடு, கேக்குதா?"

"கேக்குது, கத்தாதீங்க" என்றாள். "எங்க போய்த் தொலைஞ்சீங்க?"

வீட்டுக்கு வந்ததும் அவர் போனின் முதுகில் இருந்த சீட்டைக் கிழித்துப் போட்டாள். மௌனி சொன்னதை எப்படி மறந்தோம் என்று தன்னையே நொந்துகொண்டாள். வண்டி புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம். தங்கையைக் கூப்பிட்டு, போன் கடைக்குப் போய், தன் எண்ணை யாரும் எடுக்காவிட்டால் அழைப்பு தானாகவே தங்கையின் போனுக்குத் திரும்பும்படி செய்துவிட்டு வந்தாள். பிறகு தினமும் தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் எதைப் பார்த்து என்ன சொல்வார், "பச்சை கேட்டு" என்றால் எந்த வீடு, "தண்ணித்தொட்டி" என்றால் எந்தத் திருப்பம் என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தாள். "எடுத்ததும் மாமான்னு சொல்லிடாதே. 'கேக்குது'ன்னு சொல்லு. உன் குரலும் என் குரல் மாதிரிதான் இருக்கு, அவருக்குத் தெரியவே கூடாது."

"தெரிஞ்சா என்னக்கா?"

"நடுத்தெருவுல நின்னு பயந்துடுவார்டி."

குறித்த நாள் வரைக்கும் கல் காத்திருக்கவில்லை. ஒரு சாயங்காலம், அவர் நடக்கப் போயிருந்த நேரத்தில், வலி விலாவைக் கவ்விப் பிடித்தது. அவள் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். போன் நாற்காலிக்கடியில் எங்கோ விழுந்து கிடந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவள் ஆம்புலன்ஸ் கூரையில் மினுக்கிய பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு போனாள். இந்த வண்டிக்கும் எங்கோ ஒரு வீடு இருக்கும். தன் வண்டிக்கு? சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டாளே.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது தங்கை பக்கத்தில் இருந்தாள். "அவர்?" என்றாள்.

"வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டார்க்கா. உன் எண்ணுக்குத்தான் போட்டார், எனக்கு வந்துச்சு. தையல் மெஷினை நிறுத்திட்டு 'கேக்குது, சொல்லுங்க'ன்னேன். தண்ணித்தொட்டின்னார், வழி சொன்னேன். ஒரு கேள்வி கேக்கல, சமத்தா வந்துட்டார். நான்னு அவருக்குத் தெரியவே இல்ல."

அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. அத்தனை வருஷம் அந்தக் குளிர் அறையில் எதற்காக உழைத்தார்களோ அது நடந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அந்த நிறைவுக்குள்ளேயே எதுவோ குத்தியது. தன் குரலுக்கும் இன்னொரு குரலுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு அவர் போய்விட்டாரா? அவருக்குத் தெரியக் கூடாது என்று பாடாய்ப் பட்டவள், தெரியவில்லையே என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் தங்கை அவரைக் கூட்டி வந்தாள். வெளுத்த சட்டை போட்டு, தலை வாரியிருந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து, அவள் கையில் குத்தியிருந்த குழாயைத் தொடாமல் பார்த்தார். அவளுக்குக் கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"தெரிஞ்சுதா?" என்றாள்.

"தெரிஞ்சுது."

தங்கை வாயைப் பிளந்தாள். "எப்படி மாமா? அக்கா சொல்லிக்குடுத்த மாதிரிதானே பேசினேன்?"

"ரொம்ப மரியாதையாப் பேசினே" என்றார். "நான் தண்ணித்தொட்டின்னதும் ஒரு வார்த்தை திட்டல. அப்பவே கேபிள் போச்சுன்னு தெரிஞ்சுது."

எல்லாவற்றையும் தங்கையிடம் சொல்லிவைத்தவள் திட்டுவதை மட்டும் சொல்லிவைக்கவில்லை. சொல்லியிருந்தாலும் தங்கைக்கு மாமாவைத் திட்ட வாய் வந்திருக்காது.

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் கேக்கல?" என்றாள் பிடுங்கி. கண்ணீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"சோதனை நடக்கும்போது டிரைவர் நடுவுல கேள்வி கேக்கக் கூடாது. ஓட்டிக்கிட்டே இருக்கணும், திரும்பி வந்துதான் சொல்லணும். நீதானே விதி போட்டே?" அவர் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "இப்ப வந்துட்டேன். வீடு, என்ன ஆச்சு உனக்கு?"